மகனுக்கு இரண்டு பற்களுக்கு முளையே இல்லை. புரோட்டீன் பவுடர் கொடுத்தால் வளருமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. கீழே வலது பக்கம் கடைசிப் பால் பல் சொத்தையாகி வலித்ததால் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வாய் முழுவதும் தெரிகிற பெரிய எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிரந்தரப் பல்லுக்கு முளையே இல்லை என்றார் மருத்துவர். அறிக்கையில் 35, 45 என்று எழுதியிருக்கிறது. காரணம் கேட்டதற்கு, "பல் உருவாக சிக்னல் கொடுக்கும் புரோட்டீன்கள் இருக்கின்றன, அதில் ஏதோ கோளாறு" என்றார். அதற்கு மேல் கேட்க நேரமில்லை. நான் மாசமாக இருந்தபோது ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்போது எனக்கு வாந்தி அதிகம். நாலைந்து மாதம் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அந்தக் குற்ற உணர்வில் இப்போது தினமும் இரண்டு வேளை புரோட்டீன் பவுடர் கொடுத்து வருகிறேன். என் நாத்தனாருக்கு மேல்வரிசையில் ஒரு பல் குச்சி மாதிரி சிறியதாக இருக்கும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? எப்படியும் விழப்போகிற பால் பல்தானே, சொத்தையைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் கணவர். பல் முளைக்க ஊசி வந்துவிட்டதாக இணையத்தில் படித்தேன். அதே இணையத்தில் புற்றுநோய் என்றும் ஏதோ வருகிறது, பயமாக இருக்கிறது. மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். மகன் கண்ணாடி முன் நின்று "என் பல் எங்கே போச்சு?" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில் (குழந்தைகள் பல் மருத்துவர்):

அன்புள்ள சகோதரிக்கு,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அறிக்கையில் உள்ள 35, 45 என்பவை கீழ்த்தாடையின் இடது, வலது பக்கங்களில் வர வேண்டிய இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள். நடுவிலிருந்து எண்ணினால் ஐந்தாவது பல். இந்தப் பற்களின் மொட்டு, குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விடுவதில்லை. பிறந்து ஏறத்தாழ 10 மாதம் ஆகும்போதுதான் தாடைக்குள் அந்த வேலை தொடங்குகிறது. அதில் சுண்ணாம்பு படிந்து எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்க இரண்டேகால், இரண்டரை வயது ஆகிவிடும். நீங்கள் வாந்தியோடு போராடிய மாதங்களில் உருவானவை அவனுடைய பால் பற்கள். கரு உருவான ஆறாவது வாரத்திலேயே அவற்றின் வேலை ஆரம்பித்துவிடும். அந்தப் பற்கள் எல்லாம் முளைத்து, அவன் இத்தனை வருடம் அவற்றால்தான் மென்று சாப்பிட்டிருக்கிறான். நீங்கள் சாப்பிடாததால் பல் நின்றுபோயிருக்கும் என்றால், முதலில் நின்றுபோயிருக்க வேண்டியவை அவைதான். இந்தப் பத்தியை வீட்டில் பெரியவர்களிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். அவர்களும் பேரன் மீதுள்ள கவலையில்தான் பேசியிருப்பார்கள்; ஆனால் அவர்கள் சொன்ன காரணம் தவறு.

சரி, அப்படியென்றால் மருத்துவர் சொன்ன அந்தப் புரோட்டீன் என்ன? இந்த ஒரு சொல்தான் உங்களைக் குழப்பிவிட்டது. சாப்பாட்டில் உள்ள புரதம் எதுவானாலும் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடைந்த பிறகே ரத்தத்தில் சேரும். வீடு கட்ட வந்து இறங்கும் செங்கல் மாதிரி. மருத்துவர் சொன்னது செங்கல்லை அல்ல, மேஸ்திரியின் குரலை. எத்தனை லோடு செங்கல் வந்து குவிந்தாலும், "இங்கே சுவர் எழுப்பு, இந்த உயரத்தில் நிறுத்து" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் சுவர் எழாது. உடம்பில் அந்தக் குரலும் புரதத்தால் ஆனதுதான். ஆனால் அதை வெளியிலிருந்து ஊட்ட முடியாது. அந்தந்த இடத்தில் உள்ள செல்கள் அந்தந்த நேரத்தில் தாங்களே தயாரித்து, பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன.

இவற்றை ஹார்மோன் போன்றவை என்று சொல்வதுண்டு. ஒரு செல் வெளியே விடுகிறது, இன்னொரு செல் அதைத் தன் மேற்பரப்பில் வாங்கிக்கொண்டு வேலையை மாற்றுகிறது. அந்த அளவில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தூரத்தில். கணையத்தில் சுரக்கும் இன்சுலின் ரத்தத்தில் ஏறி உடம்பு முழுக்கப் போகிறது. பல்லை உருவாக்கும் சிக்னல்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி தூரம்தான் போகும். அடுத்த வீட்டுக்காரரிடம் மதில்மேல் எட்டிப் பேசுகிற பேச்சு அது, தெருக்கோடிக்குக் கேட்காது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது; மாத்திரையாக விழுங்கவும் முடியாது.

இந்த வகைப் புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலேயே பல் வருகிறது. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை, பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியாகப் போட்டார். வழக்கமாக இரண்டு வாரம் கழித்துக் கண் திறக்கும் குஞ்சுகள் ஒரு வாரத்திலேயே கண் திறந்தன. முன்பற்களும் முன்கூட்டியே ஈறைக் கிழித்துக்கொண்டு வந்தன. காரணமான புரதத்தை அவர் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். இன்று மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று அழைக்கப்படுவது அதுதான். 1986இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த எலிகளுக்குப் புதிதாகப் பல் உண்டாகவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த பல்தான் சீக்கிரம் வந்தது. பல் உண்டாவதற்கான பேச்சு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது.

அந்தப் பேச்சு இரண்டு பேருக்கு இடையில் நடக்கிறது. வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மேல்தோல் அடுக்கு ஒன்று. அதற்கு அடியில் தளதளவென்று இருக்கும் இணைப்புத் திசு மற்றொன்று. முதலில் பேசுவது மேல்தோல். பி.எம்.பி.4, எஃப்.ஜி.எஃப்.8 என்ற புரதங்களைக் கீழே அனுப்புகிறது. அவற்றை வாங்கிக்கொண்ட கீழ்த்திசு, தன் செல்களுக்குள் எம்.எஸ்.எக்ஸ்.1, பாக்ஸ்9 போன்ற மரபணுக்களை இயக்குகிறது. கொஞ்ச நேரத்தில் கீழ்த்திசு தானே பி.எம்.பி.4 தயாரித்து மேலே திருப்பி அனுப்புகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர் பேசத் தொடங்குகிறார்; பேசியவர் கேட்கத் தொடங்குகிறார். 1987இல் மினா, கோலர் என்ற இரு ஆய்வாளர்கள் எலிக்கருவில் இதை அழகாகக் காட்டினார்கள். ஆரம்ப நாட்களில் தாடையின் மேல்தோலை எடுத்து, பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத திசுவின் மேல் வைத்தால் அங்கும் பல் உருவானது. ஓரிரு நாள் தள்ளி அதையே செய்தால் உருவாகவில்லை. அதற்குள் அதிகாரம் கீழே கைமாறிவிட்டது.

நான் மாணவப் பருவத்தில் இதையெல்லாம் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருந்தேன். ஆனால் நம்பிக்கை வந்தது நுண்ணோக்கியில் பார்த்த அன்றுதான். கருவின் தாடையை மெல்லிய சீவலாக வெட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றியிருந்தார்கள். தொப்பி கவிழ்த்தது போன்ற ஒரு வடிவம். அதன் உள்வளைவின் நடுவில் மட்டும் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு சின்னக் கட்டியாக இருந்தன. அதற்கு எனாமல் முடிச்சு என்று பெயர். சுற்றியுள்ள செல்கள் எல்லாம் மளமளவென்று பெருகிக்கொண்டிருக்க, அந்த முடிச்சில் உள்ளவை மட்டும் பெருகுவதில்லை. அவை சிக்னல் புரதங்களை வெளியே விடுகின்றன: எஃப்.ஜி.எஃப்.4, பல வகை பி.எம்.பி.கள், சோனிக் ஹெட்ஜ்ஹாக், வின்ட். சுற்றியுள்ளவர்களை வளரச் சொல்லிவிட்டுத் தான் வளராமல் நிற்பதால், அந்த இடம் நின்று பக்கங்கள் கீழே இறங்குகின்றன. பல்லுக்கு வடிவம் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் முடிச்சில் உள்ள செல்கள் தாமாகவே செத்து மறைந்துவிடுகின்றன. கடைவாய்ப்பல்லில் அதற்குப் பிறகு புதிய முடிச்சுகள் தோன்றும்; ஒவ்வொரு முடிச்சு இருந்த இடத்திலும் ஒரு மேடு எழும். நாக்கால் உங்கள் கடைவாய்ப்பல்லைத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதே, அந்த ஒவ்வொரு மேடும் ஒரு காலத்தில் ஒரு முடிச்சு இருந்து பேசிவிட்டுப் போன இடம். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இர்மா தெஸ்லெஃப், யுக்கா யெர்ன்வால் ஆகியோரின் குழுதான் 1990களில் இந்த முடிச்சை ஒரு சிக்னல் நிலையம் என்று நிறுவியது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் உண்டு; எதற்காக இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இத்தனை பேச்சுகளும் சரியான அளவில், சரியான நேரத்தில் நடந்தால்தான் ஒரு பல். ஏதாவது ஒரு கட்டத்தில் குரல் சற்றுத் தணிந்தால், மொட்டு அந்த நிலையிலேயே நின்று கரைந்துவிடும். உங்கள் மகனுக்கு அந்த இரண்டு இடங்களில் நடந்தது அநேகமாக இதுதான்.

ஏன் குறிப்பாக அந்த இரண்டு? பிறவியிலேயே இல்லாமல் போகும் பற்களில், ஞானப்பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால், முதலிடம் உங்கள் மகனிடம் இல்லாத அதே கீழ் முன்கடைவாய்ப்பல்லுக்குத்தான். அடுத்து வருவது மேல்வரிசையில் நடுப்பல்லுக்குப் பக்கத்தில் உள்ள பல். ஞானப்பல் ஐந்தில் ஒருவருக்காவது இருப்பதில்லை. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: வெட்டுப்பற்களில் கடைசி, முன்கடைவாய்ப்பற்களில் கடைசி, கடைவாய்ப்பற்களில் கடைசி. ஒவ்வொரு வகையிலும் வரிசையின் கடைசியில் நிற்பவை. முன்னால் உருவாகும் பல் தனக்குப் பின்னால் வருவதைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது என்று எலிகளின் கடைவாய்ப்பற்களில் காட்டியிருக்கிறார்கள். சிக்னல் சற்றுக் குறைந்தாலும் முதலில் அடிபடுவது கடைசி ஆள்தான். ஞானப்பல்லைச் சேர்க்காமலேயே ஏறக்குறைய நூற்றில் ஆறு பேருக்கு ஏதாவது ஒரு நிரந்தரப் பல் பிறவியிலேயே இருப்பதில்லை. உங்கள் மகனின் வகுப்பிலேயே இன்னொரு பிள்ளைக்கு இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். எக்ஸ்ரே எடுக்காததால் தெரியாமல் இருக்கும்.

உங்கள் நாத்தனாரின் குச்சிப் பல்லைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என் பாராட்டு. பல மருத்துவர்கள் கேட்க மறக்கிற கேள்வி அது. பல் இல்லாமல் போவதும் பல் சிறுத்துப் போவதும் ஒரே குடும்பத்தில் அடிக்கடி சேர்ந்தே காணப்படும். சிக்னல் மிகவும் தணிந்தால் பல் வராது. ஓரளவு தணிந்தால் சின்னதாக வரும். ஆகவே தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். 1996இல் எம்.எஸ்.எக்ஸ்.1 மரபணுவில் மாற்றம் உள்ள ஒரு குடும்பத்தைப் பற்றிய ஆய்வு வந்தது. அவர்களுக்கும் இதே இரண்டாம் முன்கடைவாய்ப்பற்களும் ஞானப்பற்களும்தான் இல்லை. 2000இல் பாக்ஸ்9 மரபணு மாற்றம் உள்ள குடும்பம் ஒன்றைப் பற்றித் தெரிந்தது. அவர்களுக்குப் பெரும்பாலும் கடைவாய்ப்பற்கள் இல்லை. இப்போது பல் குறைவில் அதிகமாகக் காணப்படுவது வின்ட்10ஏ என்ற சிக்னல் புரதத்தின் மரபணு மாற்றம். அதற்காக இதைக் கணவர் வீட்டுக் குறை என்று திருப்பிவிடாதீர்கள். ஒரே மாதிரி இரட்டையர்களில்கூட ஒருவருக்குப் பல் இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவதுண்டு. மரபணு வாய்ப்பைத்தான் தருகிறது. கடைசி நேரத்தில் அந்த இடத்தில் நடப்பது யார் கையிலும் இல்லை.

புற்றுநோய் பற்றி நீங்கள் படித்தது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2004இல் பின்லாந்துக் குடும்பம் ஒன்றில், வின்ட் சிக்னலைக் கட்டுப்படுத்தும் ஆக்சின்2 மரபணுவில் மாற்றம் இருந்தது. அவர்களுக்கு எட்டு, அதற்கு மேற்பட்ட பற்கள் இல்லை. பெருங்குடல் புற்றுநோயும் அந்தக் குடும்பத்தில் தொடர்ந்தது. குடலின் உட்படலமும் வின்ட் சிக்னலால்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, அதனால் இந்தத் தொடர்பு. ஆறு, அதற்கு மேற்பட்ட பற்கள் இல்லாத பிள்ளைகளின் குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று நான் கேட்பது இதனால்தான். இருந்தால் மரபணு ஆலோசனைக்கு அனுப்புவேன். உங்கள் மகனுக்கு இல்லாதவை இரண்டே பற்கள். இதை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றை மட்டும் நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அவனுக்கு மற்ற பிள்ளைகளைப் போல வியர்க்கிறதா? தலைமுடி, புருவம் அடர்த்தியாக இருக்கிறதா? முன்பற்கள் கூம்பு போல் கூராக இல்லாமல் இருக்கின்றனவா? ஈ.டி.ஏ. என்ற ஒரு சிக்னல் புரதம் இருக்கிறது. பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றுமே உருவாக அது வேண்டும். அது இல்லாத ஆண்பிள்ளைகளுக்கு மூன்றுமே குறையும். சிந்துப் பகுதியில் ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு மிகச் சில பற்களே இருந்ததையும், முடி குறைந்து கோடையில் தோல் வறண்டு அவர்கள் அவதிப்பட்டதையும், பெண்களுக்கு அது வராமலே அவர்கள் வழியாகப் பேரன்களுக்குப் போனதையும் 19ஆம் நூற்றாண்டிலேயே சார்ல்ஸ் டார்வின் எழுதிவைத்திருக்கிறார். புரதத்தின் பெயர் தெரிய இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. உங்கள் மகனுக்கு வியர்வையும் முடியும் இயல்பாக இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அடுத்து பவுடர். நிறுத்திவிடுங்கள். ஒழுங்காகச் சாப்பிடும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமான காரணம், இப்படிப்பட்ட பவுடர்கள் பலவற்றில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள்; இரவில் குடித்துவிட்டு அப்படியே படுத்தால் அது பல்லைச் சுற்றித் தங்கும். எந்தப் பல்லை நாம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டுமோ, அந்தப் பல்லையே அது அரிக்கும்.

அந்தப் பல் எது? உங்கள் கணவர் பிடுங்கிவிடலாம் என்று சொல்கிறாரே, அதே பல். உங்கள் கேள்விகளிலேயே அவசரமானது இதுதான். சாதாரணமாக அடியில் நிரந்தரப் பல் வளர வளர, அது பால் பல்லின் வேரைக் கரைத்துவிடும்; பால் பல் ஆடி விழும். அடியில் வருகிற பல் இல்லாவிட்டால் வேர் அவ்வளவு சீக்கிரம் கரையாது. பலருக்கு அந்தப் பால் கடைவாய்ப்பல் பெரியவர்களான பின்பும் நின்று வேலை செய்கிறது. இருபது வயதில் நல்ல வேரோடு நிற்கும் பல் பெரும்பாலும் இன்னும் பல வருடங்கள் நிற்கும். ஆகவே 'எப்படியும் விழப்போகிற பல்' என்ற பேச்சு உங்கள் மகனுடைய இந்த இரண்டு பற்களுக்குப் பொருந்தாது. சொத்தையைச் சுத்தம் செய்து அடைக்கலாம். நரம்பு வரை போயிருந்தால் பால் பல்லுக்கான நரம்பு சிகிச்சை செய்து மேலே ஸ்டீல் கிரவுன் போடலாம். மறுபக்கத்துப் பல்லையும் இப்போதே பார்த்து, தேவையானால் அதன் பள்ளங்களை மூடும் பூச்சு போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆனால் எந்த நிலையிலும் பிடுங்கவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். தாடையில் இடம் குறைவாகப் பற்கள் நெருக்கமாக இருந்தால், பல் சீரமைப்பு நிபுணர் அந்தப் பால் பல்லைத் திட்டமிட்டு எடுத்து, பின்னால் உள்ள கடைவாய்ப்பல்லை முன்னே நகரவிட்டு இடைவெளியை மூடலாம். அது நல்ல வழிதான். ஆனால் அது கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. ஒரு நாள் வலிக்குப் பயந்து பிடுங்குவது வேறு. ஒன்பது, பத்து வயதில் ஒருமுறை நிபுணரிடம் காட்டி முடிவெடுங்கள். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பல் பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்து போகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் பால் பல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள தாடை வளர, அது மட்டும் அமிழ்ந்து போனது போலத் தெரியும். அப்போது முடிவை மாற்ற வேண்டியிருக்கும். இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல், என்று இப்போதே யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். தாடை வளர்ச்சி முழுவதும் முடிந்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இருபதைத் தாண்டிய பிறகு.

அப்புறம், சிறிய நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது. கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் தாமதத்துக்குப் பேர்போனது. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயதில்தான் முளை எக்ஸ்ரேயில் தலைகாட்டும். நிபுணரிடம் போகும்போது எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த இடத்தை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம், பார்த்துவிடலாம் என்ற அளவில் மட்டும்.

ஊசிச் செய்தி பொய்யில்லை. நானும் ஆவலோடு கவனித்து வருகிறேன். பல் உருவாக்கும் சிக்னல்கள் கட்டுமீறாமல் இருக்க, அவற்றைப் பிடித்து அடக்கும் புரதங்களும் உடம்பில் உண்டு. அவற்றில் ஒன்று யு.எஸ்.ஏ.ஜி.1. பி.எம்.பி., வின்ட் இரண்டையும் அடக்குவது அது. ஜப்பானில் கட்சு தகாஹாஷி என்ற மருத்துவரின் குழு, அடக்குகிறவனையே அடக்கினால் என்ன என்று யோசித்தது. யு.எஸ்.ஏ.ஜி.1 புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை, பிறவியில் பல் இல்லாத எலிகளுக்குக் கொடுத்தபோது பல் வளர்ந்தது. ஃபெரெட் என்ற, நம்மைப் போலவே பால் பல்லும் நிரந்தரப் பல்லும் உள்ள சிறு விலங்குக்குக் கூடுதலாக ஒரு பல் முளைத்தது. 2021இல் இந்த ஆய்வு வெளியானது. 2024இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதல் சோதனை தொடங்கியது: 30 முதல் 64 வயது வரையிலான 30 ஆண்கள், ஒரு கடைவாய்ப்பல்லாவது இல்லாதவர்கள். இந்தக் கட்டத்தின் நோக்கம் பல்லை வளர்ப்பது அல்ல. மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பது. அடுத்ததாக அவர்கள் திட்டமிட்டிருப்பது நான்கு பற்களாவது பிறவியில் இல்லாத, 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு. எட்டு வயதில் இரண்டு பற்கள் இல்லாத உங்கள் மகன் அந்தப் பட்டியலில் வரமாட்டான். இன்று எந்தக் கிளினிக்கிலும் விலைக்குக் கிடைக்கிற மருந்தும் அல்ல அது. யாராவது போட்டுவிடுகிறேன் என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவு நிதானமாக அவர்கள் போவதற்குக் காரணம் உண்டு. பி.எம்.பி. என்பது முதலில் எலும்பை உருவாக்கும் புரதமாகத்தான் தெரியவந்தது. 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் செய்த சோதனைகள் அதற்கு வழிவகுத்தன. இன்று அதில் ஒரு வகையை முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் எலும்பு சேர்வதற்கு வைக்கிறார்கள். அங்கே பல் முளைப்பதில்லை, எலும்புதான் வளர்கிறது. ஒரே சொல், கேட்கிற ஆளைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. வாயில் பல்லுக்காகக் கொடுக்கும் மருந்தை உடம்பின் மற்ற பாகங்கள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்று பார்க்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. வேறொரு பாதையிலும் நல்ல செய்தி உண்டு. மேலே சொன்ன ஈ.டி.ஏ. புரதம் இல்லாத மூன்று சிசுக்களுக்கு, ஜெர்மனியில், தாயின் வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீரில் அந்தப் புரதத்தைச் செலுத்தினார்கள். பிறந்த பிறகு அவர்களுக்கு இயல்பாக வியர்த்தது. 2018இல் அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பேச்சு நடக்கிற நேரத்திலேயே போய்ச் சேர்ந்தால் அந்தக் குரலை வெளியிலிருந்தும் தர முடியும் என்று அன்றுதான் மனிதர்களில் தெரிந்தது. தாமதமாகக் கொடுத்தால் கேட்க ஆள் இருக்காது.

மகளுக்கு இப்போது எக்ஸ்ரே வேண்டாம். மூன்று வயதில் அந்தப் பற்கள் இருந்தாலும் தெரியாமல் போகலாம், வீணாகப் பயந்துவிடுவீர்கள். அண்ணனுக்கு இருப்பதால் அவளுக்கும் வரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இன்று செய்யக்கூடியது ஒன்று: பால் பற்களை எண்ணிப் பாருங்கள். மேலே பத்து, கீழே பத்து. மூன்று வயதுக்குள் எல்லாம் வந்திருக்க வேண்டும். ஏதாவது குறைந்தாலோ, இரண்டு பற்கள் ஒட்டி ஒன்றாக இருந்தாலோ, அதன் அடியில் வரவேண்டிய நிரந்தரப் பல்லும் இல்லாமல் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஏழெட்டு வயதில் ஒரு எக்ஸ்ரே போதும்.

கடைசியாக, கண்ணாடி முன் நிற்கும் உங்கள் மகன். 'எங்கே போச்சு' என்று கேட்கும் பிள்ளை, தான் எதையோ தொலைத்துவிட்டதாக நினைக்கிறான். எதுவும் தொலையவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். பல் உண்டாவதற்கு உடம்புக்குள் சின்னச் சின்னச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்த இரண்டு இடத்தில் மட்டும் பேச்சு மெதுவாக இருந்துவிட்டது, அதனால் ஏற்கெனவே அங்கிருக்கும் பல்லே தொடர்ந்து வேலை பார்க்கப் போகிறது என்று சொல்லுங்கள். எட்டு வயதுக்கு இது நன்றாகவே புரியும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து அவனுக்குக் காட்டச் சொல்லுங்கள். மற்றப் பால் கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கு நடுவே, கூட்டுக்குள் முட்டை மாதிரி ஒரு பல் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டு பற்களின் வேர்களுக்கு நடுவே மட்டும் வெறும் எலும்பு இருக்கும். விரல் வைத்து அவனே எண்ணட்டும். எண்ணி முடித்ததும், அந்த இரண்டு பால் பற்களையும் இரவில் துலக்கும் பொறுப்பு அவனுடையது என்று சொல்லி, பிரஷ்ஷை அவன் கையில் கொடுங்கள். கடைசியில் ஒருமுறை நீங்கள் தேய்த்துவிடுங்கள். எட்டு வயதில் பின்பக்கத்துக்குக் கை சரியாகப் போகாது.